பட்டறைப் பக்கம்: ரெகுலேட்டர் போச்சு, கூடவே டெஸ்டரும் போச்சு

இந்த மாசம் வந்த கடுதாசி, வாட்ஸப் எல்லாத்தையும் சேத்து வச்சுப் பாத்தா பாதிக்கு மேல ஒரே ஒப்பாரிதான். ரெகுலேட்டர், அதாவது வோல்ட்டை ஒரே அளவுல நிறுத்தி வைக்கிற பார்ட்டு, செத்துச்சு, அது தனியா சாகாம பக்கத்துல இருந்த சாமானையும் கூட்டிக்கிட்டுப் போச்சு. கச்சான் காத்து தூக்க ஆரம்பிச்சா நம்ம பக்கம் வருஷா வருஷம் இதே கதைதான், கடல்ல இருந்து வர்ற உப்பு ஜன்னல் கம்பியில பூத்துக் கெடக்குறப்ப போர்டுல மட்டும் பூக்காதா என்ன. அதனால இந்தத் தடவை வேற கேள்விக்கெல்லாம் லீவு.

கேள்வி (மண்டபம், மொபைல் சர்வீஸ் கடைக்காரர்): அண்ணே, பெஞ்சுல வைக்க நானே ஒரு சப்ளை பெட்டி செஞ்சிருந்தேன். 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், ஏசியை டிசி ஆக்குற டயோடு பிரிட்ஜ், ஒரு பெரிய கண்டன்சர், 5 வோல்ட் குடுக்குற 7805 ரெகுலேட்டர் ஐசி, அவ்வளவுதான். காம்பொனன்ட் டெஸ்டர், யுஎஸ்பி மைக்ராஸ்கோப், டேபிள் லைட்டு மூணும் நாலு வருஷமா அதுலதான் ஓடுச்சு. டெஸ்டருக்கு 9 வோல்ட் பேட்டரி வாங்கி மாளலன்னு உள்ள இருந்த குட்டி ரெகுலேட்டரைத் தாண்டி நேரா 5 வோல்ட் குடுத்திருந்தேன். போன வாரம் காலையில சுவிட்சைப் போட்டதும் டெஸ்டர்ல டிஸ்பிளே வரல, மைக்ராஸ்கோப்ல கருகுன வாடை. 7805ஐ கழட்டி வேற போர்டுல போட்டுப் பாத்தா 5.02 சரியா குடுக்குது! அப்ப எதுதான் சுட்டுச்சு? புதுசு போட்டு ஓட்டலாமா? செத்ததைப் பொழைக்க வைக்க வழி இருக்கா?

பதில்: தம்பி, புதுசு போட்டு ஓட்டிராதீங்க, கொஞ்சம் பொறுங்க. ஐசி நல்லா இருக்குன்னு நீங்களே சொல்லிட்டீங்க, அதுலயே பாதி பதில் இருக்கு.

7805 கெட்டுப்போறது மூணு விதம். அவுட்புட்டே வராம போறது ஒண்ணு, அதுல யாருக்கும் சேதமில்ல. உள்ள இருக்குற டிரான்சிஸ்டர் ஷார்ட்டாகி உள்ள வர்றது அப்புடியே வெளிய போறது ரெண்டாவது. மூணாவதுதான் நம்ம ஊரு வியாதி, ஐசிக்கு ஒரு குத்தமும் இருக்காது, நடுக்காலு, அதாவது கிரவுண்டு காலு, போர்டுல விட்டுப்போயிருக்கும். ரெகுலேட்டர் தன் 5 வோல்ட்டை அந்தக் காலை வச்சுத்தான் அளக்குது, அளக்குற இடமே அந்தரத்துல தொங்குனா அது என்ன செய்யும், உள்ள வர்றதுல ரெண்டு வோல்ட் போக மிச்சத்தை அப்புடியே வெளிய தள்ளும். உங்க 12 வோல்ட் ஏசி பிரிட்ஜைத் தாண்டி கண்டன்சர்ல ஏறுறப்ப 15 சொச்சம், 12ஐ 1.414 ஆல பெருக்கி டயோடு ரெண்டுக்கு ஒண்ணரை வோல்ட் கழிச்சுக்குங்க. அப்ப 5 வோல்ட் சாமானுக்கு 13, 14 போயிருக்கு.

நீங்க அனுப்புன போட்டோவைப் பெருசு பண்ணிப் பாத்தேன். நடுக்காலைச் சுத்தி ஈயத்துல முடி மாதிரி ஒரு வட்டம் தெரியுது பாருங்க, அதுக்குள்ள பச்சையா களிம்பு வேற. 7805ல ஹீட் சிங்க் சின்னது, தெனம் சூடாகி ஆறி சூடாகி ஆறி ஈயம் வட்டமா வெடிச்சிருக்கு, அந்த வெடிப்புல உப்புக் காத்து எறங்கி செம்பைத் தின்னிருக்கு. ராத்திரி ஈரத்துல சுத்தமா விட்டுப்போச்சு, காலையில சுவிட்சைப் போட்டீங்க. நீங்க கழட்டுனப்ப சால்டரிங் அயன் வச்சு அந்த ஈயத்தை உருக்கிட்டீங்கல்ல, தடயமும் போச்சு. நல்லவேளை முன்னாடியே போட்டோ எடுத்தீங்க.

இதை எனக்கு யாரும் சொல்லித்தரல, பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். பட்டறை ஆரம்பிச்ச புதுசுல ஒருத்தரோட ரேடியோ செட்டை இதே மாதிரி சுட்டேன், ஐசி டூப்ளிகேட்டுன்னு கடைக்காரரைப் போய் திட்டிட்டு வேற வாங்கிப் போட்டு ரெண்டாவது தடவையும் சுட்டேன். காலைச் சுத்தி இருந்த வெடிப்பை லென்ஸ் வச்சுப் பாத்தது அதுக்கப்புறந்தான்.

சரி, இப்ப பெட்டியை முதல்ல சரி பண்ணுங்க. பிளக்கைப் புடுங்கிட்டு பெரிய கண்டன்சர்ல சார்ஜ் இறங்குற வரைக்கும் விடுங்க. மூணு காலுலயும் பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துட்டு, களிம்பை ஃபைபர் பென்சிலோ பழைய பல்லு பிரஷ்ஷோ வச்சு ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) ஊத்தித் தேய்ச்சு, செம்பு பளிச்சுன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் ஈயம் வைங்க. டிராக் அரிச்சிருந்தா மேலயே ஒரு வயரு போட்டுருங்க. அப்புறம் ஒரு சின்ன வேலை: 7805 முதுகுல போல்ட் போடுற தகடு இருக்குல்ல, அதுவும் கிரவுண்டுதான். அந்த போல்ட்டுல ஒரு ரிங் டெர்மினல் மாட்டி பெரிய கண்டன்சரோட நெகட்டிவுக்கு தனியா ஒரு வயரு இழுத்துருங்க, நடுக்காலு நாளைக்கு மறுபடி விட்டாலும் தகடு பாத்துக்கும். ரெண்டு ரூபா வயரு. இதை 7805, 7812 மாதிரி 78 வரிசைக்கு மட்டும்தான் செய்யணும், எல்எம்317ல அந்தத் தகடு அவுட்புட்டு, 7905ல அது இன்புட்டு, கண்ணை மூடிக்கிட்டு கிரவுண்டு பண்ணுனா வேற கதையாயிரும். இன்புட் காலு பக்கத்துல 0.33, அவுட்புட் பக்கத்துல 0.1 மைக்ரோ கண்டன்சர் இருக்கான்னும் பாருங்க, உங்க போட்டோவுல அது கண்ணுலயே படல.

அடுத்து சாமான் எதையும் மாட்டாம வெறும் பெட்டியை மட்டும் போடுங்க, அவுட்புட்ல 10 ஓம் 5 வாட் ரெசிஸ்டர், அந்த வெள்ளைக் கலர் சிமெண்ட்டு ரெசிஸ்டர், அது அரை ஆம்ப் இழுக்கும். மீட்டரை வச்சுக்கிட்டு தீக்குச்சியால ஒவ்வொரு காலையும் லேசா ஆட்டிப் பாருங்க, பெட்டியைத் தட்டிப் பாருங்க, அரை மணி நேரம் சூடாக விட்டு மறுபடி ஆட்டுங்க. 5 வோல்ட் அசையாம நின்னாத்தான் அது ரெகுலேட்டர். அப்பவும் முதல்ல டேபிள் லைட்டை மாட்டுங்க, போனா அது போகட்டும்.

இனிமே இப்புடி நடந்தா சாமானுக்கு எட்டக்கூடாதுன்னா, வோல்ட் ஏறுனதும் அவுட்புட்டை ஷார்ட் பண்ணிக் காப்பாத்துற க்ரோபார் சர்க்கியூட் ஒண்ணு வைங்க. பேருதான் பெருசு, நாலு பார்ட்டுதான். பிரிட்ஜுக்கும் 7805க்கும் நடுவுல 1 ஆம்ப் ஃபியூஸ். அவுட்புட்ல பிளஸ்ஸுல இருந்து கிரவுண்டுக்கு ஒரு எஸ்சிஆர், அதாவது கேட் காலைத் தட்டுனா ஆன் ஆகி அப்புடியே நிக்குற சுவிட்ச், பிடி151 கெடைக்கும். அதோட கேட்டுக்கு பிளஸ்ஸுல இருந்து ஒரு 5.6 வோல்ட் ஜீனர் (அந்த வோல்ட்டைத் தாண்டுனாத்தான் வழி விடுற டயோடு), கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் 100 ஓம். அவுட்புட் 6ஐ கொஞ்சம் தாண்டுனதும் ஜீனர் கேட்டைத் தட்டும், எஸ்சிஆர் மொத்த அவுட்புட்டையும் புடிச்சுத் தரையில அழுத்திரும், 1 வோல்ட் சுமாருக்கு வந்துரும், அப்புறம் ஃபியூஸ் ஆற அமரப் போகட்டும். 5.1 ஜீனர் போடாதீங்க, சும்மா சும்மா விழுந்து உசுரை வாங்கும். வெறும் ஃபியூஸ் மட்டும் போதாதான்னு கேப்பீங்க, போதாது, ஃபியூஸ் கம்பி சூடாகி உருகுறதுக்குள்ள சிப்பு செத்து கருமாதியும் முடிஞ்சிருக்கும்.

இனி செத்ததுக்கு வருவோம். டெஸ்டர்ல இருக்குறது ஏடிமெகா328ங்குற சிப்பு, அதுக்கு உச்ச வரம்பே 6 வோல்ட், 14 குடுத்தா பொழைச்சாத்தான் ஆச்சரியம். மீட்டரை பீப் அடிக்குற இடத்துல வச்சு பிளஸ்ஸுக்கும் கிரவுண்டுக்கும் பீப் அடிக்குதான்னு பாருங்க, சாக்கெட்ல இருக்குற சிப்புன்னா புடுங்கிட்டு மறுபடி பாருங்க, பீப் நின்னா அதேதான். வெறும் சிப்பை வாங்கிச் சொருகுனா ஓடாது, டெஸ்டர் புரோகிராம் ஏத்துனதா வாங்கணும், இல்ல உங்ககிட்ட புரோகிராமர் இருந்தா நீங்களே ஏத்திக்கலாம். டிஸ்பிளேயும் அதே 5 வோல்ட்ல இருந்ததால அதுக்கும் உத்தரவாதம் இல்ல. ரெண்டும் போயிருந்தா விட்டுருங்க, புது டெஸ்டர் விலைக்கு வந்து நிக்கும்.

மைக்ராஸ்கோப்புக்குத்தான் நம்பிக்கை இருக்கு. அதுக்குள்ள 5ஐ 3.3 ஆக்குற குட்டி ரெகுலேட்டர் இருக்கும், பல தடவை அதுவும் இன்புட் கண்டன்சரும்தான் பலியாகி பின்னாடி இருக்குற கேமரா சிப்பைக் காப்பாத்திருக்கும். எது ஷார்ட்டுன்னு கண்டுபுடிக்க ஒரு வேலை பண்ணுங்க: பக்கத்துக் கடையில கரண்ட்டு லிமிட் வைக்கிற சப்ளை இருந்தா 1 வோல்ட், அரை ஆம்ப் வச்சு அந்த 5 வோல்ட் லைன்ல குடுங்க, போர்டு மேல ஐபிஏவைச் சொட்டு சொட்டா விடுங்க, அப்புறம் கண்ணு எடுக்காம பாருங்க. போர்டு முழுக்க ஈரமா மினுங்கிக்கிட்டு இருக்குறப்ப ஒரே ஒரு பார்ட்டு மேல மட்டும் வட்டமா காய ஆரம்பிக்கும். ஷார்ட்டு அங்கதான். அதைத் தூக்கிட்டு பீப் போச்சான்னு பாருங்க. 3.3 லைன்லயும் ஷார்ட்டு இருந்தா மட்டும் கேமரா சிப்பும் போச்சுன்னு மனசைத் தேத்திக்குங்க.

கேள்வி (பாம்பன், விசைப்படகு டிரைவர்): ஆல்டர்னேட்டர்ல ரெகுலேட்டர் போயி பேட்டரி கொதிச்சு, ஜிபிஎஸ், ஆழம் பாக்குற எக்கோ செட்டு, வயர்லெஸ் மூணும் ஆஃப் ஆயிருச்சு. எலக்ட்ரீசியன் புது ரெகுலேட்டர் மாட்டிட்டாப்ல. செட்டுக்கெல்லாம் ஃபியூஸ் மாத்துனா மாத்துன ஒடனே போகுது. ஃபியூஸுக்குப் பதிலா வயர் நரம்பு வச்சுப் பாக்கவான்னு கேக்குறான் நம்ம பையன்.

பதில்: அண்ணே, மொதல்ல பையன் கையில இருந்து வயரைப் புடுங்குங்க. ஃபியூஸ் ஒடனே போறது உங்களுக்கு நல்ல சேதி! பெரும்பாலான கடல் செட்டுல இன்புட்லயே டிவிஎஸ் டயோடுன்னு ஒண்ணு காவலுக்கு நிக்கும், வோல்ட் ஏறுனா அது தன்னை ஷார்ட் ஆக்கிக்கிட்டு ஃபியூஸைப் போக்கிரும், உள்ள இருக்குற போர்டைத் தொட விடாது. செத்தாலும் குறுக்கப் படுத்துக்கிட்டுத்தான் கெடக்கும். அந்த டயோடை மாத்துனா பாதி செட்டு எந்திரிச்சு உக்காரும். வயர் நரம்பை வச்சா டயோடு வெடிச்சு, போர்டு டிராக் எரிஞ்சு, நல்லா இருந்ததும் போயிரும். இன்னொன்னு, சில மெக்கானிக்கு அந்த டயோடை வெட்டி எறிஞ்சுட்டு "பாருங்க ஓடுது"ன்னு குடுத்துருவாங்க. ஓடும்தான், அடுத்த தடவைக்கு யாரு குறுக்க நிப்பா? அதே நம்பர் டயோடு மறுபடி இருக்கணும்னு கேட்டு வாங்குங்க.

செட்டைக் கொண்டுபோய் மாட்டுறதுக்கு முன்னாடி என்ஜினை ஓட விட்டு பேட்டரி முனையில மீட்டர் வைங்க. 12 வோல்ட் லைனுன்னா 13.8ல இருந்து 14.4 வரைக்கும், 24ன்னா அதுக்கு ரெட்டிப்பு. ரேஸ் குடுத்தாலும் அதுக்கு மேல ஏறக்கூடாது. 15 தாண்டுனா புது ரெகுலேட்டரும் சரியில்ல, இல்ல அதோட சென்ஸ் வயரு உப்புல அரிச்சுக் கெடக்கு, பேட்டரியில எவ்வளவு இருக்குன்னு அதுக்கே தெரியல, அதான் அள்ளி ஊத்துது. கொதிச்ச பேட்டரியையும் சும்மா விடாதீங்க, தண்ணி எறங்கி பிளேட்டு வெளிய தெரிஞ்சா அது செட்டுக்கு வர்ற அடியைத் தாங்காது.

இன்னொரு பழக்கம் நம்ம படகுத்துறையில ஊறிப்போன ஒண்ணு. சார்ஜ் ஏறுதான்னு பாக்க என்ஜின் ஓடுறப்பவே பேட்டரி கேபிளைப் புடுங்கிப் பாக்குறது. தயவுசெஞ்சு வேண்டாம். ஆல்டர்னேட்டர் முழு வேகத்துல தள்ளிக்கிட்டு இருக்குற கரண்ட்டுக்குப் போக்கிடம் இல்லாம போயி, கண்ணு மூடித் தொறக்குறதுக்குள்ள 12 வோல்ட் லைன்லயே 80 வோல்ட்டைத் தாண்டி எகிறும். மீட்டர்ல அது தெரியவே தெரியாது. உங்க ரெகுலேட்டர் போனதுக்குக் காரணமே அதுவா இருந்தாலும் இருக்கும், பேட்டரி டெர்மினல் லூசா இருந்தாலும் அலை அடிக்குறப்ப இதேதான் நடக்கும். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம் 61 நாளு போட்டு சும்மா நிக்குதுல்ல, அப்ப டெர்மினல் எல்லாத்தையும் கழட்டித் தேய்ச்சு கிரீஸ் வைக்கச் சொல்லுங்க, செட்டுகளையும் கழட்டி வீட்டுக்குக் கொண்டுபோங்க.

கேள்வி (தேவிபட்டினம், பாலிடெக்னிக் மாணவி): அண்ணா, என் சால்டரிங் ஸ்டேஷன்ல டிஸ்பிளேவுக்குப் போற 7805 ரெண்டு தடவை போயிருச்சு. உள்ள 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், அந்த ஒரே வைண்டிங்தான் எல்லாத்துக்கும். அதுக்குப் பதிலா வோல்ட்டை சூடு கம்மியா இறக்கிக் குடுக்குற எல்எம்2596 மாடியூல் போடலாமா?

பதில்: தங்கச்சி, ரெண்டு தடவை போனதும் நிறுத்தி யோசிச்ச பாரு, எங்க பட்டறையில பலருக்கு நாலாவது தடவைதான் அது வரும்.

கணக்கைப் போட்டுப் பாப்போம். 24 வோல்ட் ஏசியை டிசி ஆக்குனா 32, 33. ராத்திரி லோடு குறைஞ்ச நேரத்துல உங்க தெருவுல 230க்குப் பதிலா 250 வந்தா 24 வந்து 26 ஆயிரும், டிசி 35ஐத் தாண்டும். டிரான்ஸ்ஃபார்மர்ல லோடு இல்லாதப்ப இன்னும் ஏறும். 7805ஓட இன்புட் வரம்பே 35தான். சூடு வேற, 33 உள்ள போயி 5 வெளிய வந்தா, 100 மில்லி ஆம்ப்புக்கே கிட்டத்தட்ட 3 வாட் சும்மா சூடாப் போகுது, ஹீட் சிங்க் இல்லாம அதால எப்புடித் தாங்க முடியும்.

மாடியூல் போடலாம், ஆனா சாதா எல்எம்2596 40 வோல்ட் வரைக்கும்தான், உனக்கு எட்டி எட்டிப் பாக்குற தூரம். ஹெச்வின்னு பேரு முடியுற வகை 60 வரைக்கும் தாங்கும், அதை வாங்கு, இன்புட் கண்டன்சர்ல 35 வோல்ட்னு போட்டிருந்தா அதை 63 ஆக்கிரு. அதைவிட முக்கியம், அவுட்புட் வோல்ட்டைத் திருகி வைக்கிற அந்த நீலக்கலர் பிரிசெட்டை நம்பாத. உப்பு எறங்கி அதுக்குள்ள இருக்குற தொடுமுனை விட்டுப்போச்சுன்னா, ஐசிக்கு அவுட்புட் எவ்வளவுன்னு சேதி போகாது, 5 வோல்ட்டை 30 ஆக்கிட்டு சிரிக்கும். மேல சொன்ன மண்டபம் தம்பிக்கு நடுக்காலு விட்ட அதே கதைதான், இடம்தான் வேற. பிரிசெட்டைக் கழட்டிட்டு நிலையான ரெசிஸ்டர் போடு: கீழ கிரவுண்டுக்குப் போறது 330 ஓம்னா மேல 1 கே, ஐசி உள்ள ஒப்பிட்டுப் பாக்குற 1.23 வோல்ட்டை வச்சுக் கணக்குப் போட்டா 4.96 வரும், போதும். 5 வோல்ட்டுன்னு ஃபிக்ஸ் ஆன வகை கெடைச்சா இந்தத் தொல்லையே இல்ல.

கேள்வி (வாலிநோக்கம்): போர்டுல வார்னிஷ் மாதிரி ஸ்பிரே அடிச்சா உப்பு புடிக்காதாமே? நெயில் பாலிஷ் போதும்ங்குறாங்களே?

பதில்: கன்ஃபார்மல் கோட்டிங்னு கேட்டு வாங்குங்க. நெயில் பாலிஷை நானும் அவசரத்துக்கு வச்சிருக்கேன், ஒரு ஈயப் பொட்டு ரெண்டு பொட்டுக்கு பரவாயில்ல, போர்டு முழுக்கப் பூசுறதுக்கு அது ஆகாது, சூட்டுல உரிஞ்சுக்கிட்டு வரும். எதைப் பூசுனாலும் முதல்ல கழுவி, காய வச்சு, அப்புறம் பூசணும். உப்பை உள்ள வச்சுப் பூசுனா மூடி போட்டு ஊறுகாய் போட்ட மாதிரி உள்ளயே இருந்து அரிக்கும். கனெக்டர், பிரிசெட், சுவிட்ச், ரிலே, ஹீட் சிங்க் ஒட்டுற எடம் இதெல்லாத்தையும் டேப்பு ஒட்டி மறைச்சுட்டு அடிங்க. கடல் தண்ணியில முழுகுன போர்டுன்னா முதல்ல நல்ல தண்ணியில அலசி உப்பை வெளியேத்துங்க, பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர்னா இன்னும் நல்லது, அப்புறம் ஐபிஏ. அரிசி மூட்டைக்குள்ள புதைக்கிறதால உப்பு எங்கயும் போகாது, அரிசிதான் வீணா போகும்.

மீட்டர், டெஸ்டர் இதெல்லாம் ராத்திரி பெஞ்சுல திறந்து கெடக்க விடாம மூடி இறுக்கமா இருக்குற டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வைங்க. நீலக்கலர் ஜெல் ரோஸ் கலர் ஆயிருச்சுன்னா சூடு காட்டி மறுபடி பாவிக்கலாம், ஆனா சமைக்கிற தோசைக்கல்லுல வேண்டாம், அந்த நீலம் கோபால்ட், வயித்துக்குள்ள போகக்கூடாது.

கேள்வி (கீழக்கரை): 7805 கெடைக்கல, கடையில 7905 இருக்கு, போடவா?

பதில்: வேண்டாம் பாய். அது மைனஸ் 5, காலு வரிசையும் வேற.

கேள்வி (மூக்கையூர், கருவாட்டுக் கொட்டகை வச்சிருக்கவர்): கொட்டகைக்கு சோலார் போட்டு 12 வோல்ட் எல்இடி லைட்டு, ஒரு எடை மெஷினு ஓடுது. சார்ஜ் கன்ட்ரோலர் போனப்ப லைட்டெல்லாம் ஒரு நிமிஷம் பளீர்னு எரிஞ்சு செத்துச்சு, எடை மெஷினும் போச்சு. ஏன்?

பதில்: கன்ட்ரோலர் உள்ள சுவிட்ச் வேலை பாக்குற மாஸ்ஃபெட் ஷார்ட்டாகி, பேட்டரி டெர்மினலும் களிம்பு ஏறி விட்டுப்போயிருக்கும், ரெண்டும் சேந்தாத்தான் இப்புடி ஆகும். 12 வோல்ட் பேனல்னு சொல்றோமே தவிர லோடு இல்லாதப்ப அது 21, 22 வோல்ட் தரும். பேட்டரி நல்லா புடிச்சிருந்தா அதைக் கீழ இழுத்து வச்சிருக்கும், பேட்டரி விட்டா 21ம் நேரா லைட்டுக்குத்தான். புது கன்ட்ரோலர் மாட்டுறப்ப முதல்ல பேட்டரி, அப்புறம் பேனல், கடைசியா லோடு. கழட்டுறப்ப முதல்ல லோடு, அப்புறம் பேனல், கடைசியா பேட்டரி. லோடு லைன்ல ஒரு ஃபியூஸும் அதுக்குப் பின்னாடி 15 வோல்ட் டிவிஎஸ் டயோடும் போட்டுருங்க. எடை மெஷினைத் தூக்கிப் போட்டுறாதீங்க, உள்ள ஒரு சின்ன ரெகுலேட்டர் இருக்கும், மூணு காலுதான், லென்ஸ் வச்சுப் பாத்தா கருகியிருந்தா தெரியும், அதை மட்டும் மாத்திட்டு, தெரிஞ்ச எடைக் கல்லை வச்சு சரி பாத்துட்டு பாவிங்க.